மூன்றாவது வீட்டில் டேப் பிடித்தவள்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்த இடம் தக்கலை. நாள், போன அக்டோபரின் கடைசி வியாழன். நேரம், மத்தியானம் இரண்டு ஐந்திலிருந்து மூன்று இருபத்திரண்டு வரை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும், நாய் ஊளையிடும், கொலுசு சத்தம் கேட்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இதில் நாய் இல்லை. கொலுசும் இல்லை. பட்டப்பகல். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

இருந்தது ஒரு டேப். வீடு அளக்கிற சாதாரண இரும்பு டேப்.

இதை அனுபவித்தவள் ஷைஜா. நாகர்கோவில் பார்வதிபுரத்தில் இருக்கிறாள். வயது முப்பத்தேழு. பயந்த சுபாவம் கிடையாது. குளியலறைக்குள் வந்த பாம்பை விளக்குமாற்றால் அடித்துவிட்டு, அதே கையோடு தோசை சுட்டவள். ஆனால் அவளுக்கு ஒரு வியாதி இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பொறாமை. அதுவும் செத்துப்போன ஒருத்திமேல்.

செத்தவள் பெயர் ராகேல். ஷைஜாவின் கணவன் ஜான்ரோசின் முதல் மனைவி. ஜான்ரோஸ் அப்போது சவுதியில் ஏசி மெக்கானிக். அவன் அனுப்பிய பணத்தில் ராகேல் தக்கலையில் மூன்று லைன் வீடு கட்டினாள். ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே வரிசையில் மூன்று சின்ன வீடுகள். இரண்டை வாடகைக்கு விட்டுவிட்டு மூன்றாவதில் அவள் குடியிருந்தாள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய நாளிலிருந்து வெயிலில் நின்று வேலை பார்த்தவள் அவள்தான். கொத்தனார் அளக்கும்போது டேப்பின் நுனியைச் சுவரில் அழுத்திப் பிடித்ததும் அவள்தான். இதை ஜான்ரோஸ் ஷைஜாவிடம் எத்தனை முறை சொன்னான் என்று கேட்டால், அவள் கணக்கே வைத்திருந்தாள். பதினொரு முறை.

ராகேலுக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். முப்பத்தொரு வயது. ஜான்ரோஸ் விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்பது வருடம் ஆகிறது.

மூன்று வருடம் கழித்து அவன் ஷைஜாவைக் கட்டினான். நாகர்கோவிலில் ஏசி சர்வீஸ் கடை போட்டான். ஷைஜா வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ராகேலின் கால் படாத ஒரு வீடு. பார்வதிபுரத்தில் இடம் வாங்கி அப்படியே கட்டினார்கள். தக்கலையிலிருந்து ஒரு சாமானும் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒரு கரண்டிகூட வரவில்லை.

சாமான் வரவில்லை, சரி. ஆனால் புருஷன் போனானே!

மாதத்தின் முதல் சனிக்கிழமை. மாலை ஐந்து மணி. ஜான்ரோஸ் குளிப்பான். வெள்ளைச் சட்டை போடுவான். வாடகை வாங்கத் தக்கலைக்குக் கிளம்புவான். வாடகை வாங்கப் பத்து நிமிடம் போதும். அவன் திரும்பி வரும்போது மணி ஒன்பது ஆகியிருக்கும். மூன்றாவது வீட்டை அவன் யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை. பூட்டியே கிடந்தது. சாவி அவனுடைய சாவிக்கொத்தில் இருந்தது.

"வாடகைக்கு விட்டா என்ன அத்தான்?"

"இருக்கட்டும்."

இந்த 'இருக்கட்டும்' ஆறு வருடமாக ஷைஜாவின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம். தலைமுடியைப் பிடிக்கலாம். செத்தவளை என்ன செய்வது? அவளுக்கு நரைக்காது. அவளுக்கு இடுப்பு பெருக்காது. போட்டோவில் எப்போதும் முப்பத்தொன்று. ஷைஜா மீன்குழம்பு வைத்தால் ஜான்ரோஸ் பாராட்டாக "கொள்ளாம்" என்பான். அந்தக் 'கொள்ளாமுக்கு'ப் பின்னால் வேறொருத்தி வைத்த குழம்பு இருப்பது அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்தாலும் மூன்று பேர் சாப்பிடுவதாகத்தான் அவளுக்குத் தோன்றும்.

அந்த வீட்டை விற்க வேண்டும். விற்றால் சனிக்கிழமை ஒழியும். சனிக்கிழமை ஒழிந்தால் புருஷன் முழுசாகத் தனக்கு. இதற்காக இரண்டு வருடம் சண்டை போட்டாள். அழுதாள். அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாள் உட்கார்ந்தாள். கடைசியில் ஒருநாள் ஜான்ரோஸ் சொன்னான்.

"உனக்க இஷ்டம்."

வாங்க ஆளும் வந்தது. ஆனால் புரோக்கர் சொல்லும் விலையை ஷைஜா நம்பவில்லை. முறையாக அளந்து மதிப்புப் போட்டுத் தர ஜெபசீலன் சாரை ஏற்பாடு செய்தாள். ஓய்வுபெற்ற ஓவர்சியர். எழுபது வயது.

வியாழக்கிழமை காலை 9.10. ஜான்ரோஸ் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தான்.

"மூணாவது வீட்டுல எதையும் எடம் மாத்தாண்டாம்."

"விக்கப்போற வீட்டுல என்னத்த மாத்துகதுக்கு?"

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

2.05. தக்கலை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜெபசீலன் சார் குடையும் டேப்பும் ஒரு நீள நோட்டுமாக வந்து நின்றார். டேப்பின் நுனி பிடிக்கிற அவருடைய ஆள் அன்றைக்கு வரவில்லை. மழைக்குச் சாக்கு சொல்லிவிட்டான்.

"அப்போ நீ பிடி பிள்ளே. ஒண்ணும் பெரிய வித்தையில்ல. நுனியச் சொவருல அமுக்கிப் பிடிச்சிட்டு 'சீரோ'ன்னு சொல்லணும். நான் வாசிச்சிட்டு 'விடு'ன்னு சொல்லுவேன். விட்டிரணும்."

சாருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது. மூக்குக் கண்ணாடி தடிமன். வேலை என்று இறங்கிவிட்டால் டேப்பைத் தவிர எதையும் பார்க்கமாட்டார். எதிரில் நிற்பது ஷைஜாவா, சிலையா என்று கேட்டால் நோட்டைப் புரட்டித்தான் பதில் சொல்வார். நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் டேப் பிடித்தவர் பெயர்.

"அது எதுக்கு சார்?"

"முப்பத்தஞ்சு வருசப் பழக்கம். அளவு தப்புச்சுன்னா ஆரு பிடிச்சான்னு தெரியண்டாமா?"

2.12. முதல் வீடு. அது காலி. குடியிருந்தவர்கள் போன மாதமே போய்விட்டார்கள். ஷைஜா நுனியை அழுத்தினாள்.

"சீரோ."

"பத்தடி. விடு."

டேப் உள்ளே ஓடியது. சர்ர்ர்... டக்.

பதினான்கு நிமிடத்தில் முடிந்தது. 2.26. இரண்டாவது வீடு. அதில் லீமா குடியிருந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. அடுப்பில் குக்கர் வைத்திருந்தாள். ஷைஜா சுவரோரம் குனிந்து நுனியைப் பிடித்திருந்தபோது லீமா பேச்சுக் கொடுத்தாள்.

"அண்ணன் வரல்லியாக்கா?"

"கடையில வேல."

"அண்ணன் வாற சனியாழ்ச்சதான் இந்த லைன்ல ஒரு அனக்கம் இருக்கும். ஒரே பேச்சும் சிரிப்புமா..."

ஷைஜாவின் கை தளர்ந்தது. டேப்பின் நுனி சுவரிலிருந்து நழுவியது.

"பிள்ளே, கை ஆடுது" என்றார் சார் அடுத்த அறையிலிருந்து.

"சிரிப்பா? ஆருகிட்ட?"

லீமா குக்கர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போன்லயா இருக்கும்..."

ஆறு வருடத்தில் ஜான்ரோஸ் வாய்விட்டுச் சிரித்து ஷைஜா கேட்டதில்லை. கல்யாண ஆல்பத்தில்கூடப் பல்தான் தெரியும், சிரிப்பு தெரியாது. அந்த மனுஷன் இங்கே வந்து சிரிக்கிறானா? செத்தவளோடு யாரும் சிரித்துப் பேசமாட்டார்கள். அப்படியென்றால்... உயிரோடு ஒருத்தி இருக்கிறாள்! ராகேலின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருத்தி. இத்தனை வருடம் தப்பான ஆள்மேல் பொறாமைப்பட்டுத் தொலைத்தோமே என்று ஷைஜாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

2.41. கரண்ட் போனது. மழை வலுத்தது. இருவரும் மூன்றாவது வீட்டு வாசலில் நின்றார்கள்.

ஷைஜா சாவியைப் போட்டாள். ஒரு மாதமாகத் திறக்காத பூட்டு. மழைக்காலம். துருப்பிடித்துக் கடகடக்க வேண்டும். இது வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோலத் திறந்தது.

உள்ளே இருட்டு. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஒரு வாடை உண்டு. அது இல்லை.

டீ வாசம் அடித்தது. ஏலக்காய் போட்ட டீ.

ஷைஜா போன் டார்ச்சை அடித்தாள். முன்னறையில் இரண்டு நாற்காலி. ஒரு சின்ன மேசை. தரை முழுக்கத் தூசி. தூசியில் ஒரு காலடிகூட இல்லை. சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர். அவள் வெளிச்சத்தை அதன்மேல் வைத்தாள்.

அன்றைய தேதி. வியாழன்.

ஜான்ரோஸ் கடைசியாக வந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

மேசையில் இரண்டு கப். வெள்ளைக் கப். விளிம்பில் நீலக் கோடு. ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. மற்றதில் அடியில் கொஞ்சம் டீ. ஷைஜா கப்பைத் தொட்டாள்.

சூடு.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஓடியிருப்பார்கள். ஷைஜாவுக்குப் பயமே வரவில்லை. ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஒருத்தி இருக்கிறாள். சாவி வைத்திருக்கிறாள். டீ போட்டுக் குடிக்கிறாள். அவள் யார் என்று தெரிந்தாக வேண்டும். இப்போதே. பொறாமை பிடித்தவளின் கண்ணுக்கு டீ தெரிந்தது, தரையில் காலடி இல்லாதது தெரியவில்லை.

"சார், நீங்க உள்ள போய் நில்லுங்க. இப்ப வாறேன்."

சார் தலையாட்டிவிட்டு உள்ளறைக்குள் போனார். அவர் ஏற்கெனவே டேப்பைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

2.46. ஷைஜா லீமாவின் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"மூணாவது வீட்டுக்கு ஆரு வந்து போறா? உள்ளதச் சொல்லு."

"ஆரும் வரல்லக்கா."

ஷைஜா பத்து நிமிடம் திருப்பித் திருப்பிக் கேட்டாள். "பொம்பள ஆளு. சாவி வச்சிருக்கா."

"சத்தியமா இல்லக்கா. நான் ராத்திரி டூட்டி முடிஞ்சு பகல் முழுக்க இஞ்சதான கெடக்கேன். ஒரு ஈ குஞ்சு..."

லீமா பாதியில் நிறுத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. நிதானமான குரல். பெண் குரல்.

"சீரோ."

பிறகு சாரின் குரல், ஏதோ எண் சொன்னது. "விடு."

சர்ர்ர்... டக்.

லீமா ஷைஜாவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி ஷைஜாவைப் பார்த்தாள்.

"அக்கா... நீங்க இஞ்ச நிக்கிய."

"ம்."

"பின்னே அங்க... ஆரு?"

குக்கர் ஒரு விசில் அடித்தது. இருவரும் துள்ளினார்கள்.

"சீரோ."

சர்ர்ர்... டக்.

ஷைஜாவின் மனதில் அப்போது ஓடியது ஒன்றுதான். மாட்டிக்கொண்டாள்! எங்கேயோ ஒளிந்திருந்தவள் வெளியே வந்துவிட்டாள். என்ன தைரியம் இருந்தால் என் வீட்டை அளக்க அவள் டேப் பிடிப்பாள்?

கதவைத் திறந்து ஓடினாள். செருப்பு மாட்டவில்லை. மழை முகத்தில் அடித்தது.

3.04. மூன்றாவது வீட்டின் உள்ளறை.

ஜெபசீலன் சார் மட்டும் நின்றுகொண்டிருந்தார். போன் வெளிச்சத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கொள்ளாம் பிள்ளே. முதல் ரெண்டு வீட்டுல கை ஆடிச்சு. இந்த வீட்டுல அசையல்ல. ஒரு வீடு கெட்டின கை மாதிரி இருந்து."

ஷைஜா போன் டார்ச்சைத் தட்டினாள்.

கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தாள். ஒன்றுமில்லை. கதவுக்குப் பின்னால்... ஒன்றுமில்லை. சமையல்கட்டுக்குப் போனாள். பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தாழின்மேல் சிலந்தி வலை. அறுபடாத வலை.

தரையைப் பார்த்தாள்.

தூசியில் காலடிகள். அகலமான ஆண் கால். அவளுடைய ஈரக் காலடியைத் தவிர, உள்ளறையில் ஒருவருடைய காலடிகள் மட்டுமே இருந்தன.

சுவரைப் பார்த்தாள்.

நான்கு சுவரிலும் ஒரே உயரத்தில், வெள்ளையடிப்பின் மேல்... கட்டைவிரல் ரேகை. டேப்பின் நுனியை அழுத்திப் பிடிக்கிற இடம்.

ஷைஜா தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அவளுடையது பெரிது.

முன்னறைக்கு வந்தாள்.

மேசையில் இரண்டு கப்பும் கவிழ்த்து வைத்திருந்தது. இரண்டும் கழுவி... ஈரமாக...

3.22க்கு வீட்டைப் பூட்டினாள். சாரிடம் எதுவும் சொல்லவில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் சாவியைக் கைப்பைக்குள் போட்டு, பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை ஜான்ரோஸ் கேட்டான். "எல்லாம் அளந்தாச்சா?"

"ம்."

"உள்முறியும்?" உள்ளறையைத்தான் கேட்டான்.

"ம்."

அவன் முகம் லேசாகத் தெளிந்தது. ரொம்ப நாளாகத் தேடிய பொருள் கிடைத்தவன் முகம் அது. ஷைஜா அவன் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பார்த்தாள். அழைப்புகள், வாட்ஸ்அப், போட்டோ எல்லாம் பார்த்தாள். ஒரு பெண் பெயர்கூட இல்லை. நினைத்து ஆறுதல் அடைய உயிருள்ள ஒரு எதிரிகூட அவளுக்கு அகப்படவில்லை.

சனிக்கிழமை. நவம்பர் முதல் தேதி. முதல் சனி.

காலை 11.20. ஜெபசீலன் சாரின் போன்.

"பிள்ளே, மூணாவது வீட்டு அளவு ஒத்து வரல்ல. வெளிச்சொவருக்கு அகலம் பத்தடி. உள்முறிக்கு அகலம் பதினொண்ணு அடி ஏழு இஞ்சுன்னு எழுதியிருக்கேன். வெளிய விட உள்ள எப்படிப் பெருசாவும்?"

"தப்பா எழுதியிருப்பிய சார்."

"டேப்பப் பாத்துதான் எழுதினேன். நீளம் பதினாலு அடி மூணு இஞ்ச். பின்னே ஒரு பாத்ரூம், ஏழுக்கு நாலரை. அந்த வீட்டுக்குள்ள பாத்ரூம் உண்டா?"

இல்லை. மூன்று வீட்டுக்கும் பொதுவாக வெளியேதான் கழிப்பறை.

"இருட்டுல எனக்குத் தெரியல்ல. நீதானே 'இது பாத்ரூம் சார்'னு சொல்லிட்டு நுனியப் பிடிச்சே?"

ஷைஜா சோபாவில் உட்கார்ந்தாள்.

"பின்னே இன்னொண்ணு. கட்டிலுக்கும் சொவருக்கும் நடுவுல ஒரு அடி ரெண்டு இஞ்ச். மதிப்புப் போட இது தேவையே இல்ல. நீ அளக்கச் சொன்னே, அளந்தேன். ஓராளு நிக்கதுக்கு எடம் காணுமான்னு வேற கேட்டே."

"சார்... அந்தப் பக்கத்துல டேப் பிடிச்சது ஆருன்னு எழுதியிருக்கியளா?"

தாள் புரளும் சத்தம்.

"முதல் ரெண்டுலயும் ஷைஜான்னு இருக்கு. மூணாவதுல... பேரு கேட்டதுக்கு நீ சொன்னத அப்படியே எழுதியிருக்கேன்."

"என்னன்னு?"

"'ஜான்ரோசுக்க பெஞ்சாதி.'"

ஷைஜா போனை வைத்தாள்.

11.34. ஜான்ரோசின் பழைய டூல் பையிலிருந்து ஒரு டேப் எடுத்தாள். அவள் போனது தன் படுக்கையறைக்கு. பார்வதிபுரத்து வீட்டின் படுக்கையறைக்கு. ராகேலின் கால் படாத வீடு இது.

நுனியைச் சுவரோரம் வைத்து இழுத்தாள். நழுவியது. மறுபடி வைத்தாள்.

இந்தத் தடவை நழுவவில்லை.

பதினாலு அடி... மூன்று இஞ்ச்.

அகலம். பதினொன்று அடி... ஏழு இஞ்ச்.

பாத்ரூம். ஏழு. நாலரை.

கட்டிலைப் பார்த்தாள். சுவரோரமாகப் படுப்பவள் அவள்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் டேப்பை வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

ஒரு அடி... இரண்டு இஞ்ச்.

அந்தச் சந்தில், சுவரின் ரோஸ் நிற பெயின்டின் மேல்...

ஒரு கட்டைவிரல் ரேகை.

சின்னது.

மாலை 5.00. வழக்கம்போல ஜான்ரோஸ் குளித்தான். வெள்ளைச் சட்டை போட்டான். பைக் சாவி ஆணியிலேயே தொங்கியது. அவன் அதை எடுக்கவில்லை. படுக்கையறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான்.

"தக்கலைக்குப் போகல்லியா அத்தான்?"

"இனி எதுக்கு?"

இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் ஷைஜா ஆறு வருடம் காத்திருந்தாள். கேட்டதும் அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவள் வாசல்படியிலேயே நின்றாள்.

"ஷைஜா... டீ கொண்டு வா. ரெண்டு."

இரண்டு!

அவள் நெஞ்சு ஒரு கணம் நிறைந்துவிட்டது. இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான். காலையில் பார்த்ததெல்லாம் மறந்துபோனது. ஆறு வருடத்தில் அவன் ஒருநாளும் 'நாம் சேர்ந்து குடிக்கலாம்' என்று கேட்டதில்லை. ஒன்று அவனுக்கு. ஒன்று எனக்கு. வேறு யாருக்கு இருக்கும்? அவள் சமையலறைக்கு ஓடினாள். பால் காய்ச்சினாள். கப் எடுக்கத் திரும்பினாள்.

மேடையில் இரண்டு கப் கவிழ்த்து வைத்திருந்தது.

வெள்ளை. விளிம்பில் நீலக் கோடு.

ஈரம்.

பால் பொங்கி வழிந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். ஏன் அதே கப்பில் ஊற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. கை தானாக ஊற்றியது.

படுக்கையறை வாசலில் ஜான்ரோஸ் வந்து நின்றான். இரண்டு கப்பையும் வாங்கிக்கொண்டான். இரண்டையும். அவளைப் பார்த்துப் பிரியமாகக் கேட்டான்.

"உனக்குப் போடல்லியா?"

கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. மணி 5.47.

உள்ளே பேச்சு. தணிந்த பேச்சு. ஜான்ரோசின் குரல் மட்டும் கேட்டது. பேசுவான்... நிறுத்துவான்... மறுபடி பேசுவான்.

பிறகு சிரித்தான்.

வாய்விட்டு. வயிறு குலுங்க. அந்தச் சிரிப்பை ஷைஜா தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள். இந்த மனுஷனுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா? அவள் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பயமெல்லாம் அப்புறம்தான் வந்தது என்று அவளே சொன்னாள்.

"முதல்ல எனக்கு வயிறுதான் எரிஞ்சுது."

திங்கட்கிழமை லீமா போன் செய்தாள்.

"அக்கா, மூணாவது வீட்டக் காலி பண்ணியாச்சா?"

"இல்லியே. சாவி எனக்க கையிலல்லா இருக்கு?"

"வியாழாழ்ச்ச நீங்க போன பெறவு, சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ள சாமான் நீக்குற சத்தம் கேட்டுது. ஒரு மணிக்கூறு. கடைசியில பெருக்குற சத்தம். அதுக்குப் பெறவு ஒரு அனக்கமும் இல்ல."

புதன்கிழமை ஜான்ரோசும் ஷைஜாவும் வீடு வாங்குகிறவரோடு போய்ப் பூட்டைத் திறந்தார்கள். துருப்பிடித்த பூட்டு. திறக்க எண்ணெய் விட வேண்டியிருந்தது. உள்ளே பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை அடித்தது. தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது, குடியிருந்தவர்கள் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது பெருக்குவார்களே, அதேபோல். காலண்டர் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. மேசை, நாற்காலி, கட்டில் எதுவும் இல்லை. சமையல்கட்டு அலமாரியைத் திறந்து பார்த்தார்கள்.

ஒரு கரண்டிகூட இல்லை.

அதெல்லாம் எங்கே போயிற்று என்று ஜான்ரோஸ் கேட்கவில்லை. ஷைஜாவும் கேட்கவில்லை. அவள் இப்போது முன்னறை சோபாவில் படுக்கிறாள்.